ஒரே ‘பழைய’, ஒவ்வொரு பக்கத்திலும் ஒரு வேலை: நாளிதழில் ஒரு பெயரடையைப் பின்தொடர முழுமையான வழிகாட்டி

தோட்டப்புற நகரங்களிலிருந்து செய்தி எழுதத் தொடங்கும் இளையவர்களுக்கான வழிகாட்டி இது. மலேசியாவின் பேராக் மாநிலத்திலுள்ள சுங்கை சிப்புட்டில் எங்கள் எழுத்துப் பயிற்சிக் குழு செய்துவரும் ஒரு வேலையை, செய்ய வேண்டிய வரிசையிலேயே தருகிறேன். எளிய பெயரடை ஒன்றை எடுத்துக்கொள்வோம். நாளிதழின் ஒவ்வொரு பக்கத்திலும் அது என்ன செய்கிறது என்று பார்ப்போம். பிறகு, பார்த்ததை வைத்துச் சொந்தமாக எழுதுவோம். எங்கள் சொல் ‘பழைய’.

தோட்டத்துச் செய்திகளில் இந்தச் சொல்லுக்கு ஓய்வே இல்லை. பழைய லயம் (தோட்டத் தொழிலாளர்களின் வரிசை வீடுகள்), பழைய கோயில், பழைய பள்ளிக் கட்டடம், பழைய புகைக்கூடம், பழைய ரப்பர்ப் பால் கொட்டகை. எழுதுகிறவருக்கு அது ஒரு விவரம். படிக்கிறவருக்கோ, அந்த இடத்தைக் காக்க வேண்டுமா, இடித்தால் இடிக்கட்டும் என்று விட்டுவிடலாமா என்ற எண்ணமே அங்கேதான் உருவாகிறது. அதனால்தான் ஒரு சொல்லுக்கு இவ்வளவு நேரம் செலவிடுகிறோம்.

1. முதலில் கையில் இருக்க வேண்டியவை

தமிழ் நாளிதழ்கள் இரண்டையாவது சேர்த்து வையுங்கள். மலேசிய நண்பன், மக்கள் ஓசை, தமிழ் மலர் ஆகியவற்றில் எது கிடைத்தாலும் சரி. வாரநாள் இதழ்கள் மட்டும் போதாது. சிறப்புக் கட்டுரைகளுக்கு ஞாயிறு பதிப்பில்தான் இடம் அதிகம். அதை விட்டுவிட்டால் உங்கள் தொகுப்பில் செய்தி மட்டுமே இருக்கும், கட்டுரை இருக்காது.

காசு கொடுத்து எல்லாவற்றையும் வாங்கத் தேவையில்லை. முடிதிருத்தகத்திலும் உணவுக்கடையிலும் நேற்றைய இதழைக் கேட்டால் கொடுத்துவிடுவார்கள். கிழிக்கலாமா என்று மட்டும் முன்கூட்டியே கேளுங்கள்.

தபால் அட்டை அளவில் வெட்டிய தடித்த தாள்களும் ஒரு பேனாவும் போதும். கணினியில் செய்ய விரும்புவோர் செய்யலாம். ஆனால் தொடக்கத்தில் அட்டையே நல்லது என்பது என் கருத்து. மேசையில் பரப்பி, இடம் மாற்றி, மீண்டும் அடுக்கிப் பார்ப்பதில்தான் பாதி வேலை நடக்கிறது.

இணையத்தில் தேடி எடுப்பதாக இருந்தால், அந்தச் செய்தி எந்தப் பகுதியில் வந்தது என்பதையும் உடனே குறித்துக்கொள்ளுங்கள். தேடல் சொல்லைக் கண்டுபிடித்துத் தரும். பக்கத்தைத் தராது.

2. சொல்லின் எல்லையைக் கட்டுங்கள்

தொடங்கும் முன்பே, எந்த வடிவங்களைச் சேர்ப்பது, எவற்றைத் தள்ளுவது என்று முடிவு செய்ய வேண்டும். பாதி வழியில் முடிவு செய்தால், அதுவரை எடுத்த அட்டைகள் ஒரு கணக்கிலும் பின்னர் எடுத்தவை வேறு கணக்கிலும் நிற்கும்.

நாங்கள் ‘பழைய’ என்ற வடிவத்தை நடுவில் வைக்கிறோம். அதன் உறவினர்களைத் தனிக் கட்டாக வைக்கிறோம்: ‘பழைமையான’, ‘பழமை வாய்ந்த’, ‘பழம்பெரும்’. அதன் இடத்தில் வந்து உட்காரும் சொற்களை மூன்றாவது கட்டில் போடுகிறோம்: ‘முன்னாள்’, ‘முந்தைய’, ‘மூத்த’, ‘வயதான’, ‘நீண்டகால’. மூன்றாவது கட்டு வீண் வேலை என்று புதியவர்கள் நினைப்பார்கள். ஒரு பக்கத்தில் ‘பழைய’ ஏன் வரவில்லை என்ற கேள்விக்கு விடை அந்தக் கட்டில்தான் இருக்கிறது.

‘பழையபடி’ என்பதைத் தள்ளுங்கள். அது செயலைத் தழுவி நிற்கிறது, பெயரைத் தழுவவில்லை. ‘பழம்’ என்று கணினியில் தேடாதீர்கள். எங்கள் ஊர்ச் செய்திகளில் செம்பனை எனும் எண்ணெய்ப்பனையின் பழம் வந்து மலையாகக் குவிந்துவிடும்.

3. பக்கத்தை முதலில் பிரியுங்கள், வாக்கியத்தைப் பிறகு படியுங்கள்

இந்த வரிசையை மாற்றவே கூடாது. வாக்கியத்தைப் படித்துவிட்டு, “இது கட்டுரை போல இருக்கிறது” என்று பிரித்தால், சொல்லைக் கொண்டு வகையை ஊகிக்கிறீர்கள். பிறகு வகையைக் கொண்டு சொல்லை விளக்குவீர்கள். ஒரே இடத்தில் சுற்றிக்கொண்டிருப்பீர்கள்.

இதழைக் கையில் எடுத்ததும் ஒவ்வொரு துண்டின் மூலையிலும் வகையை எழுதுங்கள்: நேரடிச் செய்தி, குற்றமும் நீதிமன்றமும், விளையாட்டு, வணிகமும் தோட்டத்துறையும், சிறப்புக் கட்டுரை, தலையங்கமும் கருத்தும், வாசகர் கடிதம், இரங்கல். தலைப்பையும் படக்குறிப்பையும் தனி வகைகளாகக் கொள்ளுங்கள். தலைப்பைப் பெரும்பாலும் நிருபர் எழுதுவதில்லை, துணையாசிரியர் எழுதுகிறார். இரண்டையும் ஒரே அட்டையில் எழுதினால் இரண்டு பேருடைய முடிவுகள் ஒன்றாகக் கலந்துவிடும்.

விளம்பரத்தை ஒதுக்குங்கள். செய்தி போலத் தோற்றமளிக்கும் விளம்பரப் பக்கங்களும் உண்டு. மேலே சிறிய எழுத்தில் என்ன போட்டிருக்கிறது என்று பாருங்கள்.

4. முழு வாக்கியத்தையும், பேசியவரையும் எழுதுங்கள்

‘பழைய கட்டடம்’ என்று இரண்டு சொற்களை மட்டும் எழுதிக்கொண்டு வருபவர்கள் பலர். அந்த அட்டையால் ஒரு பயனும் இல்லை. முழு வாக்கியத்தையும் எழுதுங்கள். அதற்கு முந்தைய வாக்கியமும் தேவைப்படலாம்.

அடுத்து, அந்தச் சொல் யார் வாயிலிருந்து வந்தது என்று குறியுங்கள். நிருபரா, நிர்வாகத்தின் பேச்சாளரா, குடியிருப்பாளரா? “பழைய வீடுகளை அப்புறப்படுத்தும் பணி தொடங்கும் என்று நிர்வாகம் தெரிவித்தது” என்ற வரியில் சொல் நிர்வாகத்துடையது. மறுநாள் செய்தியில் அதே நிருபர், யாரையும் சுட்டாமல் “அந்தப் பழைய வீடுகள்” என்று எழுதியிருந்தால், நிர்வாகத்தின் சொல் நிருபரின் சொல்லாகிவிட்டது. இப்படிக் கைமாறும் இடத்தைக் கண்டால் இரண்டு அட்டைகளையும் சேர்த்துக் கட்டி வையுங்கள். இந்த முழு வேலையிலும் கிடைக்கக்கூடிய மிக மதிப்புள்ள அட்டைகள் அவை.

5. அட்டையின் பின்புறம்: “எதற்கு முன்?”

இதுதான் மையமான படி. ‘பழைய’ என்ற சொல்லுக்கு எதிரே எப்போதும் ஒரு புதியது நிற்கிறது. சில நேரம் அது வாக்கியத்திலேயே இருக்கும், சில நேரம் மறைந்திருக்கும். ஒவ்வோர் அட்டையின் பின்னும் அந்தப் புதியது எது என்று எழுதுங்கள்.

“பழைய பஸ் நிலையம்” என்றால் எதிரே புதிய பஸ் நிலையம் இருக்கிறது. எளிது. “பழைய சாதனை” என்றால் இன்று வைக்கப்பட்ட புதிய சாதனை. அதுவும் எளிது. “பழைய லயம்” என்றால்? எதிரே கட்டி முடித்த புது வீடுகள் இருக்கின்றனவா? வரைபடத்தில் மட்டும் இருக்கும் ஒரு வீடமைப்புத் திட்டமா? ஒன்றுமே இல்லையா?

பின்புறம் வெறுமையாக இருந்தால் அதையும் ஒரு விடையாகக் குறியுங்கள். வரவில்லை என்பதற்காக எதையாவது கற்பனை செய்து நிரப்பாதீர்கள். புதியது எதுவும் இல்லாத இடத்தில் ‘பழைய’ வந்திருந்தால், அந்தச் சொல் காலத்தைச் சொல்ல வரவில்லை. வேறு ஏதோ வேலைக்கு வந்திருக்கிறது. அந்த வேலையைத்தான் அடுத்த படியில் தேடுகிறோம்.

6. பக்கம் பக்கமாகப் படியுங்கள்

அட்டைகளை வகைவாரியாக மேசையில் அடுக்கி, ஒரு நேரத்தில் ஒரு வகையை மட்டும் படியுங்கள். எதைத் தேட வேண்டும் என்பதைக் கீழே சொல்கிறேன்.

நேரடிச் செய்தி. இங்கே ‘பழைய’ பெரும்பாலும் ஓர் ஆண்டின் இடத்தைப் பிடித்துக்கொண்டு நிற்கும். ஆண்டு தெரிந்தால் ஆண்டை எழுதுவதே சரி. ரிங்கிட் நோட்டுகளை எடுத்துக்கொள்ளுங்கள். 500, 1000 ரிங்கிட் நோட்டுகள் 1999 ஜூலை 1 முதல் செல்லாது. 2012-இல் புதிய வரிசை நோட்டுகள் வெளிவந்தபோதோ, அதற்கு முந்தைய வரிசை செல்லாமல் போகவில்லை. “பழைய நோட்டுகள் செல்லாது” என்று ஒருவர் எழுதினால், அலமாரியில் பத்து ரிங்கிட் சேர்த்து வைத்திருக்கும் பாட்டி அன்றே வங்கிக்கு ஓடுவார். எந்த நோட்டு, எந்த நாள் முதல் என்று எழுதினால் அந்தக் குழப்பம் வராது.

ஊர்ப் பெயர்களும் இப்படித்தான். தெலுக் ஆன்சன் 1982-இல் தெலுக் இந்தான் ஆனது. பத்தாங் பெர்ஜுந்தாய் 2007-இல் பெஸ்தாரி ஜெயா ஆனது. ஊர்மக்கள் பலர் இன்னும் முதல் பெயரையே சொல்கிறார்கள். செய்தியில் ஒருமுறை “பத்தாங் பெர்ஜுந்தாய் என்று முன்னர் அழைக்கப்பட்ட” என்று எழுதிவிட்டால் போதும். ‘பழைய பெயர்’ என்று மூன்று முறை எழுத வேண்டியதில்லை.

குற்றமும் நீதிமன்றமும். இங்கே நின்று நிதானமாகப் படியுங்கள். ‘பழைய’ மனிதரைத் தொடும்போது இங்கேதான் அதிகம் காயப்படுத்துகிறது. ‘பழைய குற்றவாளி’, ‘பழைய பகை’, ‘பழைய வழக்கு’ ஆகிய மூன்றையும் குறிப்பாகத் தேடுங்கள்.

‘பழைய குற்றவாளி’ என்ற சொற்றொடர், விசாரணை முடியும் முன்பே தீர்ப்பு எழுதிவிடுகிறது. குற்றம் சாட்டப்பட்டவருக்கு முன்பு தண்டனை இருந்ததா என்பது, வழக்கமாக அவர் குற்றவாளி என்று உறுதியான பிறகு, தண்டனை விதிக்கும் கட்டத்தில் நீதிமன்றத்தில் பேசப்படும் விஷயம். அதை நிருபர் முதல் நாளே தலைப்பில் போடுவது முறையல்ல. ஒருமுறை கைதாகி விடுவிக்கப்பட்டவரைப் ‘பழைய குற்றவாளி’ என்று எழுதினால், 1957-ஆம் ஆண்டு அவதூறுச் சட்டத்தின் கீழ் இதழ் பதில் சொல்ல நேரலாம்.

‘பழைய பகை’ காரணத்தைச் சொல்லிவிடுகிறது. போலீஸ் காரணத்தை இன்னும் அறிவிக்காதபோது, அது அக்கம்பக்கத்தார் பேச்சு மட்டுமே. அட்டையின் பின்புறம் ‘யார் சொன்னது’ என்று எழுதிப் பாருங்கள். பல அட்டைகளில் அந்த இடம் காலியாகத்தான் இருக்கும். ‘பழைய வழக்கு’ என்பதோ இரண்டு பொருள் தரும்: முடிந்துபோன வழக்கு, இன்னும் முடியாமல் இழுத்துக்கொண்டிருக்கும் வழக்கு. இரண்டாவதற்கு ‘நிலுவையில் உள்ள’ என்று எழுதுங்கள்.

இங்கே ஒரு துணை எச்சரிக்கை. சிறார் தொடர்புடைய வழக்கில், ‘அந்தப் பழைய லயத்தின் கடைசி வீடு’, ‘பள்ளியின் பழைய மாணவர்’ போன்ற அடையாளங்கள் பிள்ளையைக் காட்டிக்கொடுத்துவிடும். 2001-ஆம் ஆண்டு சிறார் சட்டம் பெயரை மட்டும் தடுக்கவில்லை, அடையாளம் காண வழிசெய்யும் விவரங்களையும் தடுக்கிறது. சிறிய ஊரில் ஒரு பெயரடையே போதும், எல்லாருக்கும் வீடு தெரிந்துவிடும்.

விளையாட்டு. இந்தப் பக்கம் ‘பழைய’ என்ற சொல்லை மிக நேர்மையாகப் பயன்படுத்துகிறது. காரணம், பக்கத்திலேயே எண் இருக்கிறது. 1968 மெக்சிகோ ஒலிம்பிக்கில் டாக்டர் எம். ஜெகதீசன் 200 மீட்டரை 20.92 விநாடியில் ஓடி வைத்த தேசியச் சாதனை 2017 வரை நின்றது. கைருல் ஹபிஸ் ஜந்தான் 20.90 விநாடியில் ஓடி அதை முறியடித்தார். முறியடிக்கப்படும் முன் அது ‘49 ஆண்டு நிலைத்திருக்கும் சாதனை’. முறியடிக்கப்பட்ட அடுத்த நிமிடம் அது ‘பழைய சாதனை’. முதலாவது பெருமையைச் சொல்கிறது. இரண்டாவது வரிசையைச் சொல்கிறது, அவ்வளவுதான். சென்ற ஆண்டு வைத்த சாதனையும் முறியடிக்கப்பட்டால் பழைய சாதனைதான். புதியவர்கள் இந்த இரண்டையும் ஒரே கட்டில் போட்டுவிடுகிறார்கள். பிரித்து வையுங்கள்.

வணிகமும் தோட்டத்துறையும். எங்கள் ஊர்க்காரர்கள் இந்தப் பக்கத்தைத் தாண்டிப் போகக்கூடாது. இங்கே ‘பழைய மரம்’ என்பதற்கு ஒரு கணக்கு உண்டு. செம்பனை நட்ட மூன்றாம் ஆண்டு அளவில் காய்க்கத் தொடங்கி, ஏறத்தாழ 25 ஆண்டுகள் வரை இலாபம் தருவதாகக் கொள்கிறார்கள். அதற்குமேல் மகசூல் குறைகிறது. மரம் உயர்ந்துவிடுவதால் குலை வெட்டுவதும் சிரமமாகிறது. ‘பழைய செம்பனைப் பரப்பு’ என்று வணிகச் செய்தி எழுதினால், மறுநடவுக்குக் காத்திருக்கும் நிலம் என்று பொருள். நூறாண்டு ஆலமரத்தைப் பழைய மரம் என்று கட்டுரையில் எழுதும்போது வரும் மரியாதை இங்கே கிடையாது. ஒரே ‘பழைய மரம்’, ஒன்றை வெட்டச் சொல்கிறது, மற்றொன்றை வணங்கச் சொல்கிறது.

சிறப்புக் கட்டுரை. ‘பழைய’ மிக அதிகமாக வரும் இடம் இதுவாகத்தான் இருக்கும். பெரும்பாலும் நினைவைக் கிளறுவதற்காக வருகிறது. இங்கே பார்க்க வேண்டியது, பக்கத்தில் நிற்கும் பெயர்ச்சொல். பழைய சோறு நல்லது, பழைய புளி நல்லது, பழைய மீனை யாரும் வாங்கமாட்டார்கள். பெயரடை அப்படியே இருக்கிறது. பெயர்ச்சொல் மாறியதும் மதிப்பு தலைகீழாகிறது. கட்டுரையாளர் இதை அறிந்து செய்தாரா, பழக்கத்தில் போட்டாரா என்று பாருங்கள். “பழைய நினைவுகள்” என்பது பழக்கம். நினைவுகள் எல்லாமே பழையவைதான்.

ஆண்டு நினைவுக் கட்டுரைகளும் இந்த வகையில் வரும். 1948 ஜூன் 16 அன்று சுங்கை சிப்புட் வட்டாரத் தோட்டங்களில் மூன்று ஐரோப்பியத் தோட்ட நிர்வாகிகள் கொல்லப்பட்டதும், ஜூன் 18-இல் மலாயா முழுவதும் அவசரகாலம் அறிவிக்கப்பட்டதும் எங்கள் ஊர்ப் பெயரோடு ஒட்டிக்கொண்டவை. அதைப் ‘பழைய சம்பவம்’ என்று எழுதுகிறவர், படிப்பவரைத் தூரமாக நிற்க வைக்கிறார். நாளும் இடமும் எழுதுகிறவர் அருகே அழைத்துச் செல்கிறார்.

தலையங்கமும் கருத்தும். இங்கே ‘பழைய’ வாதாடுகிறது. ‘பழைய பல்லவி’, ‘பழைய கதை’, ‘பழைய கள், புதிய மொந்தை’ போன்ற தொடர்களைத் தேடுங்கள். இவை சான்று தராமலேயே எதிராளியைத் தோற்கடிக்கும் சொற்கள். தலையங்கத்தில் இவற்றுக்கு இடம் உண்டு, நான் மறுக்கவில்லை. ஆனால் அடுத்த வரியில், முன்பு எப்போது, யார், என்ன சொன்னார் என்பது வர வேண்டும். வந்திருக்கிறதா என்று அட்டையில் ‘ஆம்’, ‘இல்லை’ போடுங்கள்.

இரங்கல். இந்தக் கட்டில் ‘பழைய’ அநேகமாகக் கிடைக்காது. ‘பழம்பெரும் எழுத்தாளர்’, ‘மூத்த தொழிற்சங்கவாதி’ என்றுதான் வரும். ‘பழைய எழுத்தாளர்’ என்றால் காலாவதியானவர் என்ற ஒலி வந்துவிடுகிறது. ‘பழைய நண்பர்’ மட்டும் விதிவிலக்கு. அங்கே சொல் அன்பைச் சுமக்கிறது.

தலைப்பும் படக்குறிப்பும். தலைப்பில் இடம் குறைவு. ‘பழைய’ மூன்று எழுத்தில் முடிந்துவிடுகிறது என்பதால் துணையாசிரியர்களுக்கு வசதி. உள்ளே ‘1930களில் எழுப்பப்பட்ட’ என்று நிருபர் எழுதியது மேலே ‘பழைய’ என்று சுருங்கும். படக்குறிப்பில் இன்னொரு சிக்கல். வெள்ளச் செய்திக்கு முந்தைய ஆண்டின் படத்தைப் போட்டுவிட்டு ‘பழைய படம்’ என்று எழுதுவது போதாது. ‘கோப்புப் படம்’ என்று ஆண்டோடு எழுத வேண்டும். இல்லையென்றால், தங்கள் வீடு மூழ்கிவிட்டது என்று வெளியூரில் வேலை செய்யும் பிள்ளைகள் பதறிப்போவார்கள்.

7. கோயில், பள்ளி, லயம்: மூன்றுக்கும் தனிச் சோதனை

தோட்டப்புறச் செய்தியில் இந்த மூன்றும் ஓயாமல் வருவதால் இவற்றுக்கெனத் தனிப் படி வைத்திருக்கிறோம்.

கோயிலுக்கு மூன்று வயது உண்டு. வழிபாடு தொடங்கிய வயது, இப்போதைய இடத்தில் இருக்கும் வயது, இப்போதைய கட்டடத்தின் வயது. தோட்டத்தில் மரத்தடியில் சூலம் நட்டுத் தொடங்கியது, பின்னர் இடம் மாறி, பின்னர் கற்கோயிலாகி, 12 ஆண்டுக்கு ஒருமுறை குடமுழுக்குக் கண்டு நிற்கிறது. ‘நூறாண்டு பழைமையான கோயில்’ என்று எழுதினால் எந்த வயது அது? நிலத் தகராறு வரும்போது இந்த ஒரு கேள்வியில்தான் எதிர்த்தரப்பு பிடிக்கும். கட்டடத்தைக் காட்டி, “இது நூறாண்டா?” என்று கேட்பார்கள். “1920களிலிருந்து இத்தோட்டத்தில் வழிபடப்பட்டு வரும், 1988-இல் இப்போதைய கட்டடம் எழுப்பப்பட்ட” என்ற மாதிரியில் எழுதினால் யாரும் பிடிக்க முடியாது. நீளமாகத்தான் இருக்கும். இருக்கட்டும்.

இதோடு சேர்ந்த ஒரு பிழை: ‘பழைய கட்டடம்’ என்பதை உயர்த்திச் சொல்ல ‘மரபுடைமைக் கட்டடம்’ என்று எழுதிவிடுவது. மலேசியாவில் 2005-ஆம் ஆண்டு தேசிய மரபுடைமைச் சட்டம் இருக்கிறது. அதன்படி பதிவு பெறாத கட்டடத்துக்கு அந்தப் பெயரைச் சூட்டினால், இல்லாத பாதுகாப்பு இருப்பதாக ஊர்மக்கள் நம்பிவிடுவார்கள்.

பள்ளிக்கும் இதே சோதனை. பல தமிழ்ப்பள்ளிகள் தோட்டத்தை விட்டு நகர்ப்புறத்துக்கு வந்த பிறகும் தோட்டத்தின் பெயரையே தாங்கி நிற்கின்றன. ‘பழைய பள்ளி’ என்றால் காலியாகக் கிடக்கும் தோட்டத்துக் கட்டடமா, இப்போதைய பள்ளியின் முதல் கட்டடமா, அல்லது எழுதுகிறவர் படித்த பள்ளியா? ஒரு சொல் கூடுதலாக எழுதினால் தீர்ந்துவிடும்.

லயத்துக்கு வரும்போது வேறு வகைக் கவனம் தேவை. “பழைய வீடுகள் என்பதால் கூரை ஒழுகுகிறது” என்ற வாக்கியத்தைப் பாருங்கள். குற்றம் காலத்தின் மேல் விழுந்துவிட்டது. காலத்தை யார் கேட்க முடியும்? “பல ஆண்டுகளாகப் பழுதுபார்க்கப்படாததால் கூரை ஒழுகுகிறது” என்று எழுதினால், பழுதுபார்க்க வேண்டியவர் ஒருவர் இருக்கிறார் என்பது வாக்கியத்திலேயே தெரிகிறது. 1990-ஆம் ஆண்டின் தொழிலாளர் குடியிருப்பு, வசதிகள் குறைந்தபட்சத் தரச் சட்டம், அதாவது 446-ஆம் சட்டம், குடியிருப்பின் தரத்தைப் பற்றிப் பேசுகிறது. வீடு பழையது என்பது அதற்குச் சாக்கு ஆகாது. எனவே லயம் பற்றிய ஒவ்வோர் அட்டையிலும் ‘பழைய’ என்பதை அடித்துவிட்டு, அந்த இடத்தில் ‘பழுதுபார்க்கப்படாத’ என்று எழுதிப் படித்துப் பாருங்கள். வாக்கியம் உண்மையாக இருந்தால், நிருபர் எழுதியிருக்க வேண்டிய சொல் அதுதான். ஆனால் பழுதுபார்க்கப்படவில்லை என்பதைக் கேட்டு உறுதி செய்த பிறகே எழுத வேண்டும்.

8. மலாய் அறிக்கையிலிருந்து எழுதும்போது

எங்கள் பக்கத்துச் செய்திகளில் பெரும்பகுதி மலாய்மொழி அறிக்கைகளிலிருந்தும் தேசியச் செய்தி நிறுவனமான பெர்னாமாவின் செய்திகளிலிருந்தும் தமிழுக்கு வருகிறது. ‘லாமா’ என்ற மலாய்ச் சொல்லைக் கண்டதும் ‘பழைய’ என்று எழுதிவிடுகிறார்கள். லாமாவுக்கு ‘நீண்டகாலம்’ என்ற பொருளும் உண்டு.

‘பெண்டுடுக் லாமா’ என்றால் நீண்டகாலமாகக் குடியிருப்பவர்கள். அதைப் ‘பழைய குடியிருப்பாளர்கள்’ என்று எழுதினால், முன்பு இருந்து இப்போது போய்விட்டவர்கள் என்று தமிழில் பொருளாகிறது. மாற்று வீடு யாருக்குக் கிடைக்க வேண்டும் என்ற செய்தியில் இது சிறிய பிழை அல்ல. அங்கேயே இருக்கும் குடும்பங்களைத் தாளிலேயே வெளியேற்றிவிடுகிறது. ‘பெக்காஸ்’ வந்தால் ‘முன்னாள்’. ‘துவா’ மனிதருக்கு வந்தால் ‘வயதான’ அல்லது ‘முதிய’. இந்த மூன்றையும் மேசைக்கு மேலே சுவரில் எழுதி ஒட்டிவையுங்கள்.

9. எண்ணுவது

எண்ணலாம். ஆனால் சதவீதம் போடாதீர்கள். அட்டைகள் குறைவாக இருக்கும்போது சதவீதம் ஏமாற்றும். எந்தப் பக்கத்தில் ‘பழைய’ எந்தப் பெயர்ச்சொல்லோடு சேர்கிறது, எதிரே புதியது இருக்கிறதா, யார் வாய்ச்சொல் என்ற மூன்று கேள்விகளுக்கு வகைவாரியாக ஒவ்வொரு வரியில் விடை எழுதினால் போதும்.

10. ஒரே நிகழ்ச்சியைப் பல பக்கங்களுக்கு எழுதுங்கள்

படித்தது கைக்கு வர இதுதான் வழி. பயிற்சிக்காக ஒரு நிகழ்ச்சியை வைத்துக்கொள்வோம்: 1950களில் கட்டிய, எட்டு வீடுகள் கொண்ட பலகை லயம் அதிகாலையில் எரிந்துவிட்டது. உயிர்ச்சேதம் இல்லை.

நேரடிச் செய்தியை முதலில் எழுதுங்கள். “1950களில் கட்டப்பட்ட, எட்டு வீடுகளைக் கொண்ட பலகை லயம் நேற்று அதிகாலை தீக்கிரையானது. குடியிருந்தவர்கள் அனைவரும் உயிர் தப்பினர்.” ‘பழைய’ தேவைப்படவில்லை. தேவைப்பட்டதாகத் தோன்றினால், ஆண்டை இன்னும் விசாரிக்கவில்லை என்று பொருள்.

தலைப்பு: “லயத்தில் தீ: எட்டுக் குடும்பங்கள் வீடிழந்தன.” ‘பழைய லயம் எரிந்தது’ என்று வைத்தால் யாரும் குடியிருக்காத கட்டடம் என்று தோன்றும்.

கட்டுரை மூன்றாவதாக வரட்டும். “பிள்ளைகளின் உயரத்தை ஆண்டுதோறும் கோடு போட்டு வைத்திருந்த பழைய கதவுப் பலகையைத்தான் அவர் முதலில் தேடினார்.” இங்கே சொல் தன் கூலியைச் சம்பாதித்துவிட்டது. எதனால் பழையது என்பதைக் கோடுகள் காட்டுகின்றன.

தலையங்கத்தைக் கடைசியில் எழுதுங்கள். “வீடுகள் பழையவை என்கிறது நிர்வாகம். மின்கம்பிகளை மாற்றித் தருமாறு குடியிருப்பாளர்கள் எழுதிய கடிதங்களும் பழையவைதான்.” கடிதங்களை நேரில் பார்த்திருந்தால் மட்டுமே இந்த வரி.

இந்த வரிசையில் எழுதுவதற்குக் காரணம் உண்டு. முதலில் கட்டுரையை எழுதுகிறவர்கள் அதன் உணர்ச்சியைச் செய்திக்குள்ளும் இழுத்துவந்துவிடுகிறார்கள். முதலில் தலையங்கம் எழுதுகிறவர்கள் சான்று தேடுவதையே நிறுத்திவிடுகிறார்கள். உண்மைகள் செய்தியில் உறுதிப்பட்ட பிறகு மற்றவை தாமாக வரும்.

மின்னல் பண்பலை போன்ற வானொலிக்கு எழுதுவதானால் வாய்விட்டுப் படித்துப் பாருங்கள். கேட்பவர் திரும்பிப் போய்ப் படிக்க முடியாது. ‘பழைய தலைவரின் வீடு’ என்று காதில் விழுந்தால் பழையது தலைவரா வீடா என்று தெரியாது. ‘முன்னாள் தலைவரின் வீடு’ என்று சொல்லிவிடுங்கள்.

11. அனுப்புவதற்கு முன்

எழுதியதை அந்தத் தோட்டத்தில் வசிக்கும் ஒருவரிடம் படித்துக் காட்டுங்கள். அக்காவோ அண்ணனோ, முப்பது ஆண்டு பால்வெட்டிய ஐயாவோ, யாராக இருந்தாலும் சரி. ‘பழைய’ வரும் இடத்தில் நிறுத்தி, “இது எதைச் சொல்கிறது, ஐயா?” என்று கேளுங்கள். “நாங்கள் இன்னும் அங்கேதானே இருக்கிறோம்?” என்று பதில் வந்தால் அந்தச் சொல்லை எடுத்துவிடுங்கள்.

பிறகு, செய்தியின் அடியில் தனி வரியாக, ஆண்டுகள் எங்கிருந்து கிடைத்தன என்று எழுதுங்கள்: கோயில் கல்வெட்டு, பள்ளிப் பதிவேடு, யாரிடம் கேட்டது. அச்சுக்கு அல்ல, துணையாசிரியருக்கு. இடம் போதாமல் அவர் வெட்டும்போது எந்த வரியில் கை வைக்கக்கூடாது என்று அவருக்குத் தெரிய வேண்டும்.